ஸ்டிஃப்னர் விட்டுப்போன 450 மில்லிமீட்டர்

பெட்டி கர்டர் (எஃகுத் தகடுகளைப் பெட்டி மாதிரி இணைத்துச் செய்யும் பாலத்து உத்தரம்) வேலை பார்த்தவர்கள் தகடு நெளிந்த, நெளியப் பார்த்த அனுபவங்களை எழுதுங்கள் என்று கேட்டிருந்தேன். என்னுடையதை முதலில் எழுதிவிடுகிறேன்.

மேம்பால கர்டர் ஒன்றின் வரைபடங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். தூணுக்கு மேல் வரும் பகுதியில் கீழ்த்தகடுதான் அழுத்தம் வாங்கும். அது 12 மி.மீ. கனம், 400 மி.மீ.க்கு ஒரு பட்டை ஸ்டிஃப்னர், அதாவது தகடு நெளியாமல் இருக்க அதன்மேல் நிமிர்த்தி வெல்டு வைக்கும் பட்டை. இந்த அளவுக்கு பக்கிளிங் வரம்பு, அதாவது தகடு நெளியத் தொடங்கும் அழுத்தம், 650 மெகாபாஸ்கல் வருகிறது. 250 கிரேடு எஃகு அதற்கு வெகு முன்பே, 250 மெகாபாஸ்கலிலேயே, ஈல்டு ஆகிவிடும் (நிரந்தரமாக உருமாறத் தொடங்கிவிடும்). நெளிசல் கவலை இல்லை என்று கையெழுத்துப் போட்டேன்.

பட்டறைக்குப் போனபோதுதான் கர்டரின் ஒரு பிளாக்கும் அடுத்த பிளாக்கும் சேரும் இடத்தைப் பார்த்தேன். குறுக்கு வெல்டிங் மெஷின் ஓட வழி வேண்டும் என்று ஸ்டிஃப்னர்களை இருபக்கமும் முன்னதாகவே நிறுத்தியிருந்தார்கள். இடைவெளி 450 மி.மீ. வெல்டிங் முடிந்த பிறகு ஒரு துண்டை வைத்து ஸ்டிஃப்னரையும் ஸ்டிஃப்னரையும் இணைத்திருந்தார்கள். அந்தத் துண்டுக்கும் தகட்டுக்கும் நடுவே என் சுண்டுவிரல் தாராளமாகப் போனது.

நீள ஓரங்களில் பிடிப்பு இருக்கிற தகட்டுக்குத்தான் பக்கிளிங் சூத்திரத்தில் கெழு 4. அந்த 450-க்குள் பிடிப்பே இல்லை. தகடு குட்டைத் தூண் மாதிரி நிற்கிறது, கெழு 1. கணக்குப் போட்டால் 130-ஐத் தொடவில்லை. போதாததற்கு, ஸ்டிஃப்னர் சுமந்து வந்த விசையில் ஒரு பங்கும் அங்கே தகட்டின் தலையில் இறங்குகிறது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. 1971 நவம்பரில் ஜெர்மனியின் கோப்லென்ஸில் ரைன் ஆற்றுப் பாலம் கட்டும்போதே ஒடிந்து 13 பேர் இறந்தார்களே, அங்கேயும் தகடு நெளிந்தது இதே மாதிரி இடைவெளியில்தான்.

எல்லாத் துண்டுகளையும் கழற்றி, குறுக்கு வெல்டுக்கு மேல் சின்ன அரைவட்டம் மட்டும் விட்டு, தகட்டோடு சேர்த்து முழுக்க வெல்டு வைக்கச் சொன்னேன். ஃபோர்மேனுக்குக் கோபம்தான். விரலை விட்டுக் காட்டினேன், பிறகு அவரே நின்று செய்து முடித்தார்.

கப்பல் கட்டும் தளத்திலிருந்து:

சார், நான் தப்புப் பண்ணியது வேறு இடத்தில். ஸ்டிஃப்னரின் விறைப்பு போதவில்லை என்று 10 மி.மீ. பட்டையின் உயரத்தை 200-க்கு ஏற்றினேன். கணக்கு நன்றாக வந்தது. என் சீனியர் வரைபடத்தைப் பார்த்ததும், "தகட்டைப் பிடிக்க ஆள் வைத்தாய், இந்த ஆளை யார் பிடிப்பது?" என்று கேட்டார். ஒல்லியாக உயர்ந்த பட்டை தகடு நெளிவதற்கு முன்பே பக்கவாட்டில் சாய்ந்துவிடும். டிரிப்பிங் என்போம். எஃகுக் கட்டுமானத்துக்கான இந்திய விதிநூல் ஐ.எஸ். 800-இலும் வெப் (கர்டரின் செங்குத்துத் தகடு) ஸ்டிஃப்னர் பட்டை, 250 கிரேடுக்கு, கனத்தில் 14 மடங்கு வரைதான் முழுதாகக் கணக்கில் வரும்; 20-க்கு மேல் போகவே கூடாது. எங்கள் பக்கம் பல்ப் ஃப்ளாட் (நுனி தடித்த பட்டை) வைப்பதும் இதற்காகத்தான், நுனியில் இருக்கும் அந்தக் குமிழ் சாயவிடாது. உடனே மாற்றினேன்.

எரெக்‌ஷன் (தூக்கி நிறுத்தும் வேலை) பக்கத்திலிருந்து:

கணக்கெல்லாம் எனக்கு வராது சார், தூக்கி மாட்டுகிறவன் நான். ஒரு சைட்டில் கர்டரின் இரண்டு பாதியும் மட்டம் சேரவில்லை. உயர்ந்திருந்த பாதியின் மேல் பாரம் ஏற்றி அழுத்தினார்கள். மறுநாள் காலையில் மேல்தகட்டில் ஓர் உப்பல். நேர்கோலை வைத்தால் இரண்டு முனையும் தூக்கிக்கொண்டு நின்றது. சுற்றிலும் சாக்பீஸால் கோடு போட்டேன். பக்கத்து போல்ட்டுகளைத் தளர்த்தினால் சமமாகிவிடும் என்றார்கள். முடியாது என்று சொல்லிவிட்டேன்.

மெல்பர்ன் வெஸ்ட் கேட் பாலத்தில் இதைத்தான் செய்தார்கள். இரண்டு பாதிக்கும் 114 மி.மீ. வித்தியாசம். அதைச் சரிக்கட்ட எட்டு டன் கான்கிரீட் கட்டிகளை ஏற்றினார்கள். தகடு உப்பியது. அதைப் படியவைக்க போல்ட்டுகளைக் கழற்றினார்கள். 1970 அக்டோபர் 15, மதியம் 12 மணிக்குக் கொஞ்சம் முன்னால் அந்த ஸ்பான் விழுந்தது. 35 பேர் இறந்தார்கள். பாலத்துக்கு அடியில் கொட்டகையில் இருந்தவர்களும் அதில் உண்டு.

எங்கள் சைட்டில் நான்கு நாள் வேலை நின்றது. பாரத்தை இறக்கி, அடியில் ஜாக் கொடுத்த பிறகுதான் போல்ட்டைத் தொட்டோம். பாரம் இறங்கும்போதே உப்பல் படுத்துவிட்டது. மேல்தகட்டில் சாக்பீஸ் கோடு மட்டும் இருந்தது.