தீர்த்தன் ஆற்று டிரவுட் மீனுக்கு எந்த லீடர்?

கெண்டைப்பிரியன்:
ஏப்ரலில் ஹிமாச்சல் தீர்த்தன் ஆற்றுக்குப் போறோம். லைசென்ஸ் ரெடி. ராட் 9 அடி, 5 வெயிட் (லைன் எடையோட எண்), மிதக்கிற ஃப்ளோட்டிங் லைன். கடையில 7.5 அடி 3எக்ஸ், 9 அடி 4எக்ஸ், 12 அடி 6எக்ஸ் டேப்பர் லீடர் (லைனுக்கும் ஃப்ளைக்கும் நடுவுல கட்டுற, நுனி மெலிஞ்ச தூண்டில் நரம்பு) இருக்கு. கையில 14-ம் நம்பர் டிரை ஃப்ளை (தண்ணி மேல மிதக்கிற பூச்சி மாதிரித் தூண்டில்), அதைவிடப் பெரிய 10-ம் நம்பர் நிம்ஃப் (தண்ணிக்குள்ள மூழ்குறது). தண்ணி கண்ணாடி மாதிரி இருக்குமாம், அப்ப 12 அடிதானே சரி?

நூல்கண்டு:
வேண்டாம். 9 அடி 4எக்ஸ் எடுங்க. 11-லிருந்து எக்ஸ் எண்ணைக் கழிச்சா நுனித் தடிமன் வரும், அங்குலத்தில் ஆயிரத்தில் இத்தனைன்னு. 4எக்ஸ்னா 7, அதாவது 0.18 மி.மீ. 6எக்ஸ் 0.13 மி.மீ.தான். அதுல எடைக்குக் குண்டு கட்டின 10-ம் நம்பர் நிம்ஃபை வீசினா லீடர் விரியாது, தண்ணியில சுருண்டு விழும். புசுபுசுன்னு இருக்கிற டிரை ஃப்ளைன்னா காத்துல சுத்தி நரம்பை முறுக்கிடும்.

ஃப்ளை நம்பரை 3-ஆல் வகுத்தா எக்ஸ் கிடைக்கும். 14-க்கு 5எக்ஸ், 10-க்கு 3 அல்லது 4. டிரை ஃப்ளைக்கு மட்டும் 4எக்ஸ் நுனியில 5எக்ஸ் நைலான் டிப்பெட் (லீடர் நுனியில சேர்க்கிற மெல்லிய நரம்பு) 60 செ.மீ. சேருங்க. ஃப்ளூரோகார்பன் நரம்பு நிம்ஃபுக்கு நல்லது; அது மூழ்கும், டிரை ஃப்ளையையும் கூடவே இழுக்கும்.

மீன் சந்தேகப்படுறது பெரும்பாலும் நரம்பைப் பார்த்து இல்ல, நீரோட்டத்துக்கு மாறா ஃப்ளை இழுபடுறதைப் பார்த்துதான்.

பாறையிடுக்கு:
அண்ணன் சொன்ன கணக்கு சரி, நீளத்துல மட்டும் எனக்கு வேற கருத்து. தீர்த்தன்ல பாதி இடம் பாறைக்கு நடுவுல சின்னச் சின்னக் குழி. வீசுற தூரமே 20, 25 அடி. ராட் நுனிக்கு வெளியே லைன் எடை போதாம 9 அடி லீடர் திணறும். 7.5 அடி 3எக்ஸ்ல 4எக்ஸ் அரை மீட்டர் கட்டினா போதும். அகலமான, அமைதியான மடுவுக்குத்தான் 9 அடி.

கெண்டைப்பிரியன்:
நன்றி அண்ணா. டிப்பெட் சேர்க்கிற இடம்தான் எனக்கு அடிக்கடி விட்டுப்போகுது. ரெண்டு நரம்பை இணைக்கிற பிளட் நாட் முடிச்சுதான் போடுறேன்.

நூல்கண்டு:
அறுந்த நுனியைப் பாருங்க. பன்னி வால் மாதிரி சுருண்டிருந்தா முடிச்சு நழுவியிருக்கு. நேரா இருந்தா நரம்பு தாங்கல, இல்ல பாறையில உரசியிருக்கு. பிளட் நாட்டுக்கு ரெண்டு நரம்பும் கிட்டத்தட்ட ஒரே தடிமனா இருக்கணும். 3எக்ஸோட 6எக்ஸைக் கட்டினா நழுவும். அதுக்குப் பதிலா சர்ஜன்ஸ் நாட் முடிச்சு போடுங்க: ரெண்டையும் 15 செ.மீ. ஒண்ணு மேல ஒண்ணு வச்சு வளையம் பண்ணி, டிப்பெட்டை முழுசா உள்ள விட்டு மூணு சுத்து. எச்சில் தொட்டு, நாலு முனையையும் சேர்த்து மெதுவா இறுக்குங்க. காய்ஞ்ச நரம்பை வெடுக்குன்னு இழுத்தா சூட்டுலயே பலம் போயிடும்.

பாறையிடுக்கு:
வீசும்போது தானா விழுற முடிச்சையும் தடவிப் பாருங்க. விரல்ல தட்டுப்பட்டா அவிழ்க்கப் பார்க்காதீங்க, வெட்டிட்டு புது டிப்பெட் கட்டுங்க. லீடரை வெட்டி வெட்டிக் குட்டையாக்காம இருக்க, நுனியில 2 மி.மீ. டிப்பெட் ரிங் (டிப்பெட்டைக் கட்டுற சின்ன வளையம்) ஒண்ணு போட்டுடுங்க.