தவறை மறைக்காமல் சொல்ல வைப்பது எப்படி?

வணக்கம் அண்ணன்மார்களே, அக்காமார்களே. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஐந்து பேரோடு சம்பளக் கணக்கு நிறுவனம் நடத்துகிறேன். 2025 அக்டோபர் சம்பளத்திலிருந்து, வீட்டுப் பணியாளர் தவிர மற்ற வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பிடிக்க வேண்டும் அல்லவா? தொழிலாளி 2 விழுக்காடு, முதலாளி 2 விழுக்காடு. எங்கள் அலுவலகத் தங்கச்சி ஒருத்தி, நாங்கள் சம்பளக் கணக்குப் பார்க்கும் ஓர் உணவகத்துக்கு அதை விட்டுவிட்டாள். கட்டுவதற்கு மறுமாதம் 15ஆம் தேதிதான் கடைசி. எனக்குத் தெரிந்ததோ 14ஆம் தேதி சாயங்காலம். எல்லார் முன்னாலும் சத்தம் போட்டுவிட்டேன். அது என் தவறு, மன்னிப்பும் கேட்டேன்.

ஆனால் அப்புறம் யாரும் என்னிடம் சந்தேகம்கூடக் கேட்பதில்லை. அது தொழிலாளியின் சேமிப்புப் பணம், எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆள் வைத்து நடத்துகிறவர்கள் சொல்லுங்கள்: பயமில்லாமல் முதல் நாளே வந்து சொல்ல வைக்க என்ன செய்தீர்கள்? ஒருவர் கணக்கை இன்னொருவர் பார்ப்பது சின்ன அலுவலகத்துக்கு ஒத்துவருமா?