கிட்டமுனை, எட்டமுனை: எதை எது சுத்தினாலும் பொருந்துற ஒரு ஜோடிச் சொல்

எல்லாருக்கும் வணக்கம். சந்திரயான்-3 நிலாவுக்குப் போன வழியைப் பத்தி எட்டாம் கிளாஸ் பிள்ளைங்களுக்கு ஒரு கையேடு எழுதிட்டிருக்கேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும். 2023 ஜூலை 14 அன்னிக்கு ராக்கெட் கொண்டுபோய் விட்ட பாதை பூமிக்குக் கிட்டத்துல 170 கி.மீ., தூரத்துல 36,500 கி.மீ., அதுக்கு புவியண்மை, புவிச்சேய்மைன்னு போட்டாச்சு. ஆகஸ்ட் 5-ல நிலாவைச் சுத்த ஆரம்பிச்சப்ப 164-க்கு 18,074, இங்க புவின்னு போட முடியாது. நிலவண்மைன்னு போட்டா அடுத்த பக்கத்துல பூமி சூரியனைச் சுத்துறது வருது, அதுக்கு மூணாவதா ஒண்ணு. பொதுவா நிக்கிற ஒரு ஜோடி சொல்லுங்க. பிள்ளைங்க வாயில நுழையணும்.

---

டீச்சர், அண்ணிலை, சேணிலை. அண் + நிலை, சேண் + நிலை, ரெண்டுமே இலக்கணப்படி அப்படித்தான் புணரும். அண் நெருக்கத்தைக் காட்டுற வேர், அண்மை, அண்டு, அணுகு, அணை எல்லாம் அதோட பிள்ளைங்க. சேண் சங்கச் சொல், நெடுந்தூரம்னும் பொருள் வானம்னும் பொருள், இதைவிட என்ன வேணும்.

அப்படியே இன்னொண்ணு, பாதைக்குப் போடற சுற்றுவட்டப்பாதைங்கற சொல்லையும் எடுத்துடுங்க. "நீள்வட்ட சுற்றுவட்டப்பாதை"ன்னு செய்தியில வருது, நீள்வட்டமா வட்டமா? கோள்கள் போற பாதை வட்டம் இல்லன்னு வானியலாளர் கெப்ளர் 1609-லயே எழுதிட்டுப் போயிட்டாரு. புறநானூறு 30-ல "செஞ்ஞாயிற்றுச் செலவும்"னு தொடங்கி "பரிப்புச் சூழ்ந்த மண்டிலமும்"னு வருது பாருங்க, மண்டிலம்னே போடலாம்.

---

ஐயா, மண்டிலமும் வட்டம்தானே, பழைய உரையே அப்படித்தான் சொல்லுது. அது கிடக்கட்டும், எனக்கு உறுத்துறது அண்ணிலைதான். அண்ணாந்து பார்க்கிறோம், வாய்க்குள்ள மேல இருக்கிறது அண்ணம், உயர்ந்தவர் அண்ணல். இங்கெல்லாம் அண்-ணுக்கு மேல்னு பொருள். பாதையிலயே தாழ்வான இடத்துக்கு அண்ணிலைன்னு பேர் வச்சா தமிழ் நல்லாத் தெரிஞ்ச பிள்ளைதான் முதல்ல குழம்பும். சேணிலைன்னு சொன்னா குதிரைச் சேணம்தான் ஞாபகம் வரும்.

அதைவிட முக்கியம், நிலைங்கற சொல்லே வேண்டாம்னு நினைக்கிறேன். 170-க்கு 36,500 பாதையை எடுத்துக்கங்க. கிட்டத்துல வர்றப்ப வேகம் விநாடிக்கு சுமார் 10.3 கி.மீ., தூரத்துல வெறும் 1.6 கி.மீ., ஒரு சுத்துக்குக் கிட்டத்தட்ட பதினொரு மணி நேரம், அதுல பெரும்பகுதி தூரத்துலயே கழியுது, கிட்டத்துல வந்ததும் விழுந்தடிச்சு ஓடிடுது. எந்த இடத்துல ஒரு நொடிகூட நிக்காதோ அதுக்கு நிலைன்னு பேரா? ஏற்கெனவே "செயற்கைக்கோள் நிலைநிறுத்தப்பட்டது"ன்னு எழுதி எழுதி, மேல ஏதோ ஆணி அடிச்சு மாட்டி வச்சிருக்குன்னு பாதிப்பேர் நம்புறாங்க. அது விழுந்துக்கிட்டே இருக்கு, பக்கவாட்டு வேகம் இருக்கறதால தரையைத் தொடாம விழுது, அவ்வளவுதான்.

---

தம்பி, உயரத்தைக் காட்டுற அண் வேற, நெருக்கத்தைக் காட்டுற அண் வேற. ஒரே வேர்தான்னு வச்சுக்கிட்டாக்கூட ஒண்ணுமேல ஒண்ணு அடுக்கினா நெருக்கமும் வருது உயரமும் வருது, இதைத் தனியா விரிவா எழுதறேன். நிலைக்கு நிக்கிறதுன்னு மட்டுமா பொருள்? மனநிலை, வெப்பநிலை எல்லாம் நின்னுக்கிட்டா இருக்கு?

---

இலங்கையில இருந்து ஒரு குறிப்பு. நாங்கள் பள்ளிக்கூடத்தில செயற்கைக்கோளுக்குச் செய்மதி, சுற்றுப்பாதைக்கு ஒழுக்கு, நீள்வட்டத்துக்கு நீள்வளையம் எண்டுதான் படிச்சனாங்கள். ஒழுகிறது எண்டால் ஓயாமல் ஓடுறது, தம்பி சொல்லுற "நிக்காமல் விழுறது" அதுக்குள்ளயே இருக்கு. பாதை எண்டால் முதலே ஆரோ போட்டு வச்ச றோட்டு மாதிரிக் கிடக்கு. உங்கட பக்கம் கூரை ஒழுகிறதுதான் ஞாபகம் வருமெண்டு தெரியும், ஒழுக்கம் எண்ட சொல்லும் அதிலயிருந்துதான் வந்தது எண்டதையும் நினைச்சுப் பாருங்கோ.

---

அக்கா, ஒழுக்கு அழகாத்தான் இருக்கு, ஆனா டீச்சர் கேட்டது பாதைக்கு இல்ல, அதோட ரெண்டு இடத்துக்கு. ஊர்ல பேசற சொல்லையே ஏன் எடுக்கக்கூடாது? கிட்ட, எட்ட. கிட்டமுனை, எட்டமுனை. கேட்டதும் புரியுது, எதுகை இருக்கு, மறக்காது.

பாடமும் சுலபமா சொல்லலாம். எந்த முனையில எஞ்சினை எரிக்கிறோமோ அந்த முனை கிட்டத்தட்ட அப்படியே இருக்கும், எதிர்முனைதான் நகரும், ஏன்னா எரிச்ச இடத்துக்கே திரும்பி வந்தாகணும். சந்திரயான்ல பெரும்பாலும் கிட்டமுனையில எரிச்சாங்க. முதல் தடவை எரிச்சதும் 173-க்கு 41,762, ஜூலை 25-ல அஞ்சாவது தடவை எரிச்சப்ப 236-க்கு சுமார் 1,27,600. கிட்டமுனை அறுபத்திச் சொச்சம் கி.மீ. ஏறுறதுக்குள்ள எட்டமுனை எண்பத்தஞ்சாயிரம் கி.மீ. தள்ளிப்போயிடுச்சு. நிலாகிட்ட போய் வேகத்தைக் குறைச்சுக் குறைச்சு எட்டமுனையை இழுத்துக்கிட்டே வந்தாங்க, கடைசியில லேண்டருக்கு 25-க்கு 134. இதை சேணிலை அண்ணிலைன்னு எழுதி ஒருதடவை சத்தமாப் படிச்சுப் பாருங்க.

---

எட்ட-ங்கறதுல சிக்கல் இருக்கு. எட்டுறதுன்னா தொடுறது, கைக்கு எட்டுச்சுன்னா கிட்ட வந்துடுச்சுன்னு பொருள். அதே எட்ட-வைத் தூரத்துக்கும் சொல்றோம். பேச்சுல தொனி காப்பாத்தும், பாடப்புத்தகத்துல யாரு காப்பாத்துவா? அண்-ணுக்கு ரெண்டு பொருள்னு குத்தம் சொல்லிட்டு அதே குத்தத்தை இங்க விடக்கூடாது தம்பி.

---

"எட்ட நில்லு"ன்னு சொன்னா எந்தப் பிள்ளையும் வந்து தொடாது ஐயா.

---

எல்லாருக்கும் நன்றி. கிட்டமுனை, எட்டமுனைன்னே அனுப்பறேன், கூடவே அண்மைப்புள்ளி, சேய்மைப்புள்ளின்னு அடைப்புக்குறிக்குள்ள ஒரு தடவை. பாதைக்கு சுற்றுப்பாதை, வட்டத்தை எடுத்துட்டேன். ஒழுக்கு பத்தி ஒரு பெட்டிச் செய்தியும் போடறேன் அக்கா. நிலைநிறுத்தம்னு எங்கயும் எழுதல.

---

அனுப்புங்க டீச்சர், நேரமாச்சு. ஆனா நான் ஒத்துக்கிட்டதா எழுதிக்க வேண்டாம். நீள்வட்டத்துக்கு நீளவாக்குல போற நெட்டச்சுல ரெண்டு முனை மட்டுமில்ல, குறுக்கால போற குற்றச்சுலயும் ரெண்டு முனை இருக்கு, பதினோராம் வகுப்புல அது வர்றப்ப அந்த ரெண்டுக்கும் என்ன பேர் வைக்கிறதா உத்தேசம்?