அம்மாவோட தசை அழற்சி நோய்: புதுப்பிப்பு

மூணு மாசம் முன்னாடி இங்க எழுதியிருந்தேன், ரங்கூன்ல எங்க அம்மாவுக்கு மாடிப்படி ஏற முடியல, கையத் தூக்கி தலை வார முடியல, சிகே (தசை கெட்டா ரத்தத்துல கூடுற ஒரு நொதி) ரொம்ப கூடியிருக்கு, டெர்மடோமயோசைடிஸ்னு (தசையிலயும் தோல்லயும் அழற்சி வர்ற நோய்) சொல்றாங்கன்னு. நிறைய பேர் விசாரிச்சீங்க, ரொம்ப நன்றி.

கை கால் தசையோட நிக்கிற வியாதின்னு நெனச்சோம், அதான் தப்பு. இதயமும் தசைதான. போன மாசம் படபடப்பு, மூச்சு வாங்கல், ரத்தத்துல ட்ரோபோனின் டி (இதயத் தசை கெட்டா கூடுற ஒரு புரதம்) கூடுதலா வந்ததும் எங்களுக்கு கையும் ஓடல காலும் ஓடல, அப்புறம் டாக்டர் விளக்கினாரு, கை கால் தசை கெட்டாலும் ட்ரோபோனின் டி கூடலாம், ட்ரோபோனின் ஐ பாத்தாதான் இதயமான்னு தெளிவா தெரியும்னு. அதையும் பாத்தோம், அதுவும் கூடுதலாத்தான் இருந்துச்சு. ஈசிஜில துடிப்பு ஒழுங்கில்ல, எக்கோல (இதயத்துக்கான ஸ்கேன்) இதயம் பம்ப் பண்றது கொஞ்சம் கொறஞ்சிருந்துச்சு. இதயத் தசையிலயே அழற்சின்னு ஸ்டீராய்டு டோஸை ஏத்தி, கூடவே நோய் எதிர்ப்பு சக்திய அடக்குற அசதயோப்ரின் மாத்திரையும் ஆரம்பிச்சிருக்காங்க. இப்ப படபடப்பு பரவால்ல.

இந்த வியாதி நுரையீரலையும் தாக்கலாம்ங்கறதால அதுக்கு சிடி ஸ்கேன் எடுத்தாச்சு, தழும்பு இல்ல, பீலிக்கான் முனீஸ்வரர் புண்ணியம். யாருக்காவது இந்த வியாதியோட வறட்டு இருமல் வந்தா சாதாரண சளின்னு விட்டுடாதீங்க, உடனே காட்டுங்க. பெரியவங்களுக்கு புற்றுநோய் ஒளிஞ்சிருக்கவும் வாய்ப்பு உண்டாம், அதுக்கும் ஸ்கேன் போட்டாங்க, இதுவரைக்கும் ஒண்ணுமில்ல.

விழுங்குற தசையும் லேசா பாதிச்சதால தண்ணி குடிச்சா பொறையேறுது. மொஹிங்கா நூடுல்ஸை பொடிசா நறுக்கி, நிமிந்து உக்கார வச்சு கொஞ்சம் கொஞ்சமா குடுக்குறோம். ஸ்டீராய்டை மட்டும் நீங்களா நிறுத்திடாதீங்க. அடுத்த எக்கோ ஆறு வாரத்துல, பாத்துட்டு எழுதுறேன்.