தாயிடமிருந்து வரும் எதிர்ப்பொருள் குழந்தையை எச்.ஐ.வி.யிலிருந்து காக்காதா?

ஜெலுத்தோங் வாசகி (கேள்வி)

வணக்கம். எங்கள் குடும்பத்துக்கு நெருங்கிய ஒரு பெண், முதல் பிள்ளைக்காக அரசு சுகாதார கிளினிக்கில் பதிவு செய்தபோது எடுத்த இரத்தப் பரிசோதனையில் எச்.ஐ.வி. இருப்பது தெரியவந்துள்ளது. இப்போது ஐந்தாம் மாதம். உடனே மாத்திரையைத் தொடங்கும்படி மருத்துவர் சொல்லிவிட்டார். ஆனால் அது வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்குமோ என்று அவர் அஞ்சிக்கொண்டிருக்கிறார். இதற்கிடையே, பிறந்த குழந்தைக்கு, கிருமியை எதிர்க்க உடல் உருவாக்கும் புரதமான எதிர்ப்பொருளை ஊசியாகப் போட்டே தொற்றைத் தடுக்கலாம் என்ற செய்தியை அவருடைய கணவர் எங்கோ படித்துவிட்டு, அந்த ஊசிக்காகக் காத்திருக்கலாமே என்கிறார்.

அப்படி ஓர் ஊசி உண்மையிலேயே இருக்கிறதா? இன்னொன்றும் எனக்கு விளங்கவில்லை. எச்.ஐ.வி. பரிசோதனையே தாயின் இரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருளைத்தான் கண்டுபிடிக்கிறது என்கிறார்கள். அந்த எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்கும் போகிறது என்றால், அதுவே ஏன் பிள்ளையைக் காப்பாற்றுவதில்லை?

பந்தாய் டாலாம் விரிவுரையாளர்

வணக்கம், சகோதரி. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: மாத்திரையை ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம். மற்றவற்றை அதன் பிறகு பேசலாம். நான் நோயெதிர்ப்பியல் கற்பிக்கிறேன். ஆகவே உங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன்.

தாயின் எதிர்ப்பொருள்கள் பிள்ளைக்குப் போவது உண்மைதான், அதுவும் கடைசி மூன்று மாதங்களில் மிகுதியாகப் போகின்றன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை வைரஸை அடையாளம் காணுமே தவிர, அதைச் செயலிழக்கச் செய்யா. எச்.ஐ.வி.யின் மேலுறை சர்க்கரை மூலக்கூறுகளால் மூடப்பட்டிருக்கிறது. அதோடு அது பெருகும் ஒவ்வொரு முறையும் உருமாறிக்கொண்டே போகிறது. உடல் ஓர் எதிர்ப்பொருளை உருவாக்கி முடிப்பதற்குள், அதற்குப் பிடிபடாத வடிவங்கள் தோன்றிவிடுகின்றன. எனவே எந்த நேரத்திலும் தாயின் உடலில் ஓங்கி நிற்கும் வைரஸ், பெரும்பாலும் அவருடைய சொந்த எதிர்ப்பொருள்களிடமிருந்து ஏற்கெனவே தப்பித்த வைரஸாகவே இருக்கும்.

இந்தச் சிக்கலை வெளியிலிருந்து தீர்க்கும் முயற்சி பழையது. 1990களில் அமெரிக்காவில், தொற்றுள்ள பலரின் இரத்தத்திலிருந்து திரட்டிய எதிர்ப்பொருளைத் தாய்க்கும் சேய்க்கும் கொடுத்துப் பார்த்தார்கள். ஆனால் எல்லாருக்கும் கொடுக்கப்பட்ட சிடோவுடின் என்ற எச்.ஐ.வி. மருந்தாலேயே தொற்று மிகவும் குறைந்துவிட்டதால், எதிர்ப்பொருளால் கூடுதல் பயன் உண்டு என்று நிறுவ முடியவில்லை. பெரிய திருப்பம் 2010இல் வந்தது. எச்.ஐ.வி.யோடு வாழ்ந்த ஒருவரின் இரத்தத்திலிருந்து வி.ஆர்.சி.01 என்ற எதிர்ப்பொருளை அமெரிக்க தேசிய சுகாதார நிறுவன ஆய்வாளர்கள் பிரித்தெடுத்தார்கள். மனித உயிரணுவுக்குள் நுழைய வைரஸ் பற்றிக்கொள்ளும் இடத்தையே அது அடைத்துவிடுகிறது. அந்த இடத்தை வைரஸால் எளிதில் மாற்றிக்கொள்ள முடியாது. அதனால் பல வகை வைரஸ்களை அந்த ஒரே எதிர்ப்பொருள் முடக்குகிறது.

2016இல் அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்தில் குட்டிக் குரங்குகளிடம் நடந்த ஆய்வை நான் வகுப்பில் தவறாமல் எடுத்துச் சொல்வேன். வாய்வழியாக வைரஸ் கொடுத்து 24 மணி நேரம் கழித்து இரண்டு எதிர்ப்பொருள்களின் கலவையைச் செலுத்தினார்கள். வைரஸ் உடலுக்குள் பரவத் தொடங்கியிருந்தும், அது நிலையாகத் தங்குவதற்கு முன் அகற்றப்பட்டது. அதன் பின் அமெரிக்காவிலும் ஆப்பிரிக்காவிலும், எச்.ஐ.வி. உள்ள தாய்மாருக்குப் பிறந்த குழந்தைகளுக்கு வி.ஆர்.சி.01உம், நீண்ட நாள் இரத்தத்தில் தங்கும்படி மாற்றப்பட்ட அதன் வடிவமும் தோலுக்கடியில் ஊசியாகப் போடப்பட்டன. ஊசி போட்ட இடத்தில் சிறு வீக்கம், சிவப்பு போன்றவை தவிரப் பெரிய தீங்கு எதுவும் காணப்படவில்லை. உங்கள் உறவினரின் கணவர் படித்தது பெரும்பாலும் இந்த ஆய்வுகளைப் பற்றியதாக இருக்கும்.

ஆனால் பாதுகாப்பானது என்று தெரிவது வேறு, தடுக்கிறது என்று தெரிவது வேறு. பெரியவர்கள் 4,600க்கும் மேற்பட்டோரிடம் நடந்து 2021இல் வெளியான ஆய்வுகளில், வி.ஆர்.சி.01 ஒட்டுமொத்தத் தொற்றைக் குறைக்கவில்லை. அதற்கு எளிதில் கட்டுப்படும் வைரஸ் வகைகளை மட்டும் ஏறத்தாழ 75 விழுக்காடு தடுத்தது. ஆகவே இப்போது இரண்டு மூன்று எதிர்ப்பொருள்களைச் சேர்த்துக் கொடுப்பதை ஆராய்கிறார்கள். கிளினிக்கில் கேட்டு வாங்கக்கூடிய ஊசியாக அது இன்னும் ஆகவில்லை.

செந்தூல் தாதி

ஐயா அறிவியலை விளக்கிவிட்டார். நான் தாய்சேய் நலப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை செய்தவள். அந்தப் பெண்ணின் அச்சத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

எந்தச் சிகிச்சையும் இல்லாவிட்டால், தாய்ப்பால் கொடுக்கும் காலத்தையும் சேர்த்து, நூறு குழந்தைகளில் 15 முதல் 45 பேருக்குத் தொற்றும். 1994இல் சிடோவுடின் என்ற ஒரே மருந்து அதை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தது. இன்று தாய் ஒழுங்காகக் கூட்டு மாத்திரை சாப்பிட்டு, பிரசவ நேரத்தில் இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்திருந்து, தாய்ப்பாலையும் தவிர்த்தால், நூற்றில் ஒன்றுக்கும் கீழே போய்விடுகிறது. நம் நாட்டில் 1998 முதல் கர்ப்பிணிகளுக்கு இந்தப் பரிசோதனை நடக்கிறது. தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் பரவுவதை ஒழித்த நாடு என்று 2018 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் மலேசியாவுக்குச் சான்றளித்தது; மேற்குப் பசிபிக் வட்டாரத்தில் அதைப் பெற்ற முதல் நாடு நாம்தான். எதிர்ப்பொருள் ஊசி இல்லாமலேயே, பரிசோதனையையும் மாத்திரையையும் கொண்டு இதைச் சாதித்திருக்கிறோம் என்பதை அந்தக் கணவரிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

மாத்திரை பிள்ளையைப் பாதிக்கும் என்ற பேச்சு எங்கிருந்து வந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. எச்.ஐ.வி. மாத்திரைகளில் ஒன்றான டொலுடெகிராவிர் மருந்தால் குழந்தையின் முதுகுத்தண்டு சரியாக உருவாகாமல் போகலாம் என்று 2018இல் போட்ஸ்வானாவிலிருந்து ஓர் எச்சரிக்கை வந்தது. அதே ஆய்வு தொடர்ந்து நடந்து, பிறப்புகளின் எண்ணிக்கை கூடியபோது அந்த ஐயம் விலகியது. மேலும் அந்த உறுப்பு கருத்தரித்த முதல் சில வாரங்களிலேயே உருவாகி முடிந்துவிடும். ஐந்தாம் மாதத்தில் தொடங்கும் மாத்திரைக்கும் அதற்கும் தொடர்பே இல்லை.

பிரசவத்துக்குப் பிறகு வரும் சங்கடத்துக்கும் இப்போதே தயாராகுங்கள். பத்தியக் காலத்தில் வீட்டுக்கு வரும் பெரியவர்கள், ஏனம்மா பிள்ளைக்குப் பால் கொடுக்கவில்லை என்று கட்டாயம் கேட்பார்கள். அதற்குப் பயந்து யாருக்கும் தெரியாமல் தாய்ப்பால் கொடுக்கத் தொடங்கிய தாய்மாரை நான் பார்த்திருக்கிறேன். அந்த நிலை என்னை இன்றும் வருத்துகிறது. தாய்ப்பால் கொடுக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார் என்று பதில் சொன்னால் போதும். அதில் பொய் ஏதும் இல்லை. நோயின் பெயரையும் சொல்ல வேண்டியதில்லை. கணவரும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

பட்டர்வொர்த் மாணவர்

ஐயா, ஒரு சந்தேகம். கர்ப்பக் காலம் முழுவதும் எங்கும் பதிவு செய்யாமல், பிரசவ வலியோடு மருத்துவமனைக்கு வரும் தாய்மாரும் இருக்கிறார்கள். அவர்களுக்கு மாத்திரை வேலை செய்ய நேரமே இருக்காதே. அங்கே எதிர்ப்பொருள் உதவாதா?

பந்தாய் டாலாம் விரிவுரையாளர்

தம்பி, எதிர்ப்பொருள் ஆய்வின் நோக்கமே அத்தகைய குழந்தைகள்தான். ஹெப்படைட்டிஸ் பி உள்ள தாய்க்குப் பிறக்கும் குழந்தைக்குப் பிறந்தவுடன் தடுப்பூசியோடு ஆயத்த எதிர்ப்பொருளும் போடும் முறை ஏற்கெனவே உண்டு, எச்.ஐ.வி.யிலும் அதுபோன்ற ஒன்றைத்தான் தேடுகிறார்கள். 2023இல் உலகில் ஏறத்தாழ 1,20,000 குழந்தைகளுக்குப் புதிதாக எச்.ஐ.வி. தொற்றியது என்று ஐ.நா.வின் எய்ட்ஸ் அமைப்பு மதிப்பிட்டுள்ளது. அவர்களில் மிகுதியானோர் ஆப்பிரிக்காவில் பிறந்தவர்கள். பலருக்குத் தாய்ப்பால் குடிக்கும் மாதங்களில் தொற்றுகிறது. புட்டிப்பாலுக்குச் சுத்தமான தண்ணீர் கிடைக்காத ஊரில் தாய்ப்பாலை நிறுத்தச் சொல்ல முடியாது. நாள்தோறும் மருந்து ஊட்டுவதற்குப் பதிலாகச் சில மாதங்களுக்கு ஒருமுறை ஊசி போட்டால் போதும் என்ற நிலை வந்தால், அந்தத் தாய்மாருக்கு அது பெரும் உதவி. அதுவரை, நீங்கள் சொல்லும் குழந்தைகளுக்குப் பிறந்த சில மணி நேரத்துக்குள் இரண்டு மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள்.

ஜெலுத்தோங் வாசகி

எல்லாருக்கும் மிக்க நன்றி. இருவரிடமும் பேசிவிட்டேன், நாளை காலை நானும் அவர்களோடு கிளினிக்குக்குப் போகிறேன். அக்கா, குழந்தைக்குத் தொற்றவில்லை என்பது எப்போது உறுதியாகும்?

செந்தூல் தாதி

மகிழ்ச்சி, அம்மா. குழந்தைக்குச் செய்வது பி.சி.ஆர். பரிசோதனை, அது எதிர்ப்பொருளைத் தேடாமல் நேரடியாக வைரஸைத் தேடும். பிறந்தவுடனும் அடுத்த சில மாதங்களிலும் திரும்பத் திரும்ப எடுப்பார்கள். ஒரு தேதியையும் தவறவிட வேண்டாம். மருந்தகத்தில் விற்கும் சுயபரிசோதனைக் கருவியைக் குழந்தைக்குப் பயன்படுத்தவே கூடாது. தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் குழந்தையின் உடலில் 18 மாதம் வரைகூட இருக்கலாம் என்பதால், தொற்றே இல்லாத குழந்தைக்கும் அது தொற்று இருப்பதாகக் காட்டிவிடும். பிரசவம் முடிந்த பிறகும் அந்தப் பெண் தம் மாத்திரையை நிறுத்தக் கூடாது என்பதையும் நாளைக்கே சொல்லிவையுங்கள்.