புவியியல் படிக்கத் தொடங்க வழி சொல்லுங்கள்

வணக்கம். என் சித்தி நோர்வேயின் ட்ரொம்சோ நகரத்தில் இருக்கிறார். நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை அங்கே சூரியன் உதிப்பதே இல்லை. கோடையில் வீடியோ அழைப்பில் அவர்களுடைய இரவு 12 மணிக்கு ஜன்னலில் வெயிலைக் காட்டினார். அன்று பிடித்த ஆசை இன்னும் விடவில்லை.

பூமியின் அச்சு ஏறக்குறைய 23.4 பாகை சாய்ந்திருப்பதுதான் காரணம் என்று படித்தேன். சரி, அது விளங்கியது. என்னை உண்மையில் கட்டிப்போட்டது கடல். கிட்டத்தட்ட 70 பாகை வடக்கில் இருந்தும் அந்தத் துறைமுகம் குளிர்காலத்தில் உறைவதில்லை, அட்லாண்டிக்கின் வெப்ப நீரோட்டம் அவ்வளவு தூரம் போகிறது. அதே அகலக்கோட்டில் கிரீன்லாந்தின் கிழக்குக் கரைக்கு வடக்கிலிருந்து குளிர்ந்த நீரும் பனிக்கட்டியும் வருகின்றன. எவ்வளவு பெரிய வித்தியாசம்!

நான் உயர்தரத்தில் வணிகம் படித்தவள், இப்போது வேலைக்குப் போகிறேன். நீரோட்டங்களையும் காலநிலையையும் அடிப்படையிலிருந்து தமிழில் விளக்கும் புத்தகம் எது? நல்ல பெரிய அட்லஸ் எது வாங்கலாம்? வேலை செய்துகொண்டே புவியியல் பட்டம் படித்தவர்கள் இருந்தால், கணிதம் எவ்வளவு தேவைப்பட்டது என்று சொல்லுங்கள். பழைய உயர்தரப் புவியியல் குறிப்புகள் இருந்தாலும் அனுப்புங்கள், தபால் செலவை நான் தருகிறேன்.