1918 விஷக் காய்ச்சலில் இறந்த கொள்ளுத்தாத்தா: தேதியையும் காரணத்தையும் உறுதி செய்வது எப்படி?

காவிரிக்கரை (கேள்வி):

குடும்ப வம்சாவளி தயாராகிறது. என் கொள்ளுத்தாத்தா கிளையில் தடை. ஊர், கரூர் தாலுகாவில் அமராவதிக் கரைக் கிராமம். தெரிந்தவை இவ்வளவுதான்:

இறக்கும்போது வயது 28 வாக்கில். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்த அவருடைய தங்கையும், பிறந்த குழந்தையும் அதே வாரத்தில் போய்விட்டார்கள். அவர் மகன், அதாவது என் தாத்தா, அப்போது மூன்று வயது. தாய்மாமன் வீட்டில் வளர்ந்தார். திதி இன்றும் ஐப்பசி தேய்பிறை தசமியில்தான் கொடுக்கிறோம். வருஷம் மட்டும் தகராறு: ஒரு பெரியம்மா காளயுக்தி என்கிறார், இன்னொருவர் பிங்கள என்கிறார். "விஷக் காய்ச்சல்" என்பது ஒரு தரப்பு, "காலரா" என்பது இன்னொரு தரப்பு. எழுத்தில் இருப்பது 1926ஆம் வருஷத்துக் கிரயப் பத்திரத்தின் நகல் ஒன்றுதான்.

இறப்புப் பதிவேட்டில் தேடினால் "இன்ஃபுளுயன்சா" என்று இருக்குமா? எங்கிருந்து தொடங்குவது?

பழந்தாள்:

"இன்ஃபுளுயன்சா" என்ற சொல்லைத் தேடிப் போகாதீர்கள். முதலில் தேதியைப் பிடியுங்கள், காரணத்தைப் பிறகு பார்க்கலாம். உங்களிடம் திதி இருக்கிறது, அதுவே பெரிய சொத்து. ஆடி அமாவாசையில் எல்லாருக்கும் சேர்த்துத் தர்ப்பணம் விடும் வீடுகளில் இது காணாமலே போயிருக்கும்.

பிங்கள 1917 சித்திரை முதல் 1918 பங்குனி வரை. காளயுக்தி 1918 சித்திரையில் தொடங்குகிறது. 1918 ஐப்பசி அமாவாசை நவம்பர் 3 அன்று வந்தது. அதிலிருந்து பின்னோக்கி எண்ணினால் தேய்பிறை தசமி அக்டோபர் 29, செவ்வாய்க்கிழமை. 1917இல் அதே திதி நவம்பர் 9 வாக்கில், வெள்ளிக்கிழமை. திதி நாளின் எந்த நேரத்திலும் மாறக்கூடும் என்பதால் இரண்டிலும் ஒரு நாள் முன்பின் விட்டுக்கொடுங்கள். கிழமை யாருக்காவது நினைவிருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். வருஷத்தை மறந்தவர்கள்கூட "செவ்வாயில் போனார்" என்பதை மறப்பதில்லை, சனியும் செவ்வாயும் சாவுக்கு ஆகாது என்ற பயம் காரணம்.

விஷக் காய்ச்சல் என்பது இந்த இன்ஃபுளுயன்சாதான். இந்தியாவில் அந்தத் தொற்று 1918 ஜூனில் பம்பாயில் தொடங்கியது. அந்த முதல் அலை மிதமானது. கொன்று தீர்த்தது செப்டம்பரில் எழுந்த இரண்டாம் அலைதான். நம் பக்கம் அக்டோபர், நவம்பர் உச்சம். பம்பாய், மத்திய மாகாணங்கள் அளவுக்குச் சென்னை மாகாணத்தில் சாவு இல்லை என்றாலும் போதும் போதும் என்கிற அளவுக்கு இருந்தது. பருவமழை பொய்த்து, தானிய விலை ஏறி, மக்கள் அரை வயிற்றோடு இருந்த வருஷம் அது. அக்டோபர் 29 என்பது இந்த அலையின் நட்ட நடுவில் விழுகிறது. 1917 நவம்பரில் அப்படி ஒரு தொற்று இல்லை. ஆக, காளயுக்தி சொல்லும் பெரியம்மா பக்கம்தான் என் சாய்வு.

வயதும் ஒத்துவருகிறது. வழக்கமான சளிக்காய்ச்சல் குழந்தைகளையும் கிழங்களையும் கொண்டுபோகும். 1918இல் 20 முதல் 40 வயதுக்காரர்கள் அதிகம் இறந்தார்கள். இந்தியாவில் பெண்கள் சாவு ஆண்களைவிடக் கூடுதல், அதிலும் கர்ப்பிணிகள் நிலை மிக மோசம்.

சார்பதிவுத்தாள்:

பதிவேட்டுப் பக்கத்தை நான் சொல்கிறேன்.

அப்போது நடைமுறையில் இருந்தது 1899ஆம் வருஷத்துச் சென்னைப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம். கிராமத்தில் எழுதியவர் கிராம முன்சீப், அதாவது ஊர்த் தலைமை அலுவலர். அந்தப் பழைய ஏடுகள் மிச்சமிருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் இருக்கும், அல்லது வட்டாட்சியர் அலுவலகப் பதிவறையில். இரண்டு இடத்திலும் கேட்க வேண்டும், ஒன்றில் "இல்லை" என்றால் அதோடு விடக்கூடாது. வீடு கரூர் நகர எல்லைக்குள் இருந்திருந்தால் கதை வேறு. அது பழைய நகராட்சிப் பதிவேடு, இப்போதைய மாநகராட்சியின் பிறப்பு இறப்புப் பிரிவில் கேட்க வேண்டும்.

மனுவில் இறந்தவர் பெயர், தந்தை பெயர், வருவாய்க் கிராமத்தின் பெயர் மூன்றும் கட்டாயம். குக்கிராமப் பெயரை மட்டும் எழுதினால் தேடவே மாட்டார்கள். தேடும் காலத்தை 1918 அக்டோபர் என்று குறுக்காமல் 1917 அக்டோபர் முதல் 1919 டிசம்பர் வரை என்று கேளுங்கள். ஊரே படுத்துக் கிடந்த மாதங்களில் முன்சீப்பும் படுத்திருக்கக்கூடும். பல வாரச் சாவுகளை ஒரே நாளில் உட்கார்ந்து எழுதியிருந்தால் பதிவுத் தேதி ஒன்று, சாவுத் தேதி இன்னொன்று என்று நிற்கும்.

முக்கியமான சிக்கல் இது: பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969, பிரிவு 17இன்படி யாரும் தேடச் சொல்லி நகல் பெறலாம். ஆனால் இறப்பு நகலில் சாவுக்கான காரணத்தைக் காட்டக்கூடாது என்று அதே பிரிவு சொல்கிறது. ஆகவே படிவம் 6இல் வரும் சான்றிதழை வாங்கிவிட்டு "காரணம் எழுதவில்லையே" என்று சண்டை போட்டுப் பயன் இல்லை. மூல ஏட்டின் பக்கத்தைப் பார்வையிட அனுமதி கேளுங்கள். மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பிரிவு 2(ஒ) என்றெல்லாம் குழப்பாமல், "ஆவணத்தைப் பார்வையிட விரும்புகிறேன்" என்று நேராக எழுதிக் கேட்கலாம். கிடைக்கும் என்று உத்தரவாதம் இல்லை.

பக்கத்தைத் திறந்தால் முதலில் கண்ணைக் கட்டும். தேதி ௧௯௧௮௵ அக்டோபர்௴ ௨௯௳ என்று தமிழ் எண்ணில் இருக்கலாம். ௵ வருஷம், ௴ மாதம், ௳ நாள். புள்ளி வைக்காமல் எழுதும் கை, பழைய ணை, லை, னா வடிவங்கள். பெயருக்குப் பதில் பட்டப்பெயர், "இன்னார் பெண்சாதி", பெயரிடாத குழந்தைக்கு "ஆண் சிசு". காரணக் கட்டத்தில் "சுரம்" அல்லது "காய்ச்சல்" என்றுதான் பெரும்பாலும் இருக்கும். மேலே அனுப்பிய புள்ளிவிவரத்திலும் காலரா, அம்மை, பிளேக், காய்ச்சல், பேதி, சுவாச நோய் என்று சில தலைப்புகளே. கிராமத்துச் சாவு பெரும்பாலும் காய்ச்சல் தலைப்புக்குள் போய்விடும்.

அதனால் ஒரு வரியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். முன்னும் பின்னும் பத்துப் பக்கங்களைப் புரட்டி, மாதத்துக்கு இரண்டு மூன்று என்று போன வரிசை எந்த இடத்தில் பத்து இருபதாகப் பொங்குகிறது என்று பாருங்கள். உங்கள் ஆள் அந்தப் பெருக்கத்துக்குள் இருந்தால் அதுவே சாட்சி.

ஏடே இல்லை என்றால் படிவம் 10இல் "பதிவு இல்லை" என்ற சான்று வாங்கி வையுங்கள். அடுத்த தலைமுறை அதே வாசலில் போய் நிற்க வேண்டாம்.

காவிரிக்கரை:

இருவருக்கும் நன்றி. 1926 பத்திரத்தை மறுபடி பார்த்தேன். விற்பவர் பகுதியில் "காலஞ்சென்ற … குமாரர் மைனர் …க்காக கார்டியன் தாய்மாமன் …" என்று வருகிறது. இதில் ஏதாவது பயன் உண்டா?

பழந்தாள்:

உண்டு, நிறையவே.

முதலாவது, 1926க்குள் தந்தை இறந்தது உறுதி. இரண்டாவது, தாயார் இருந்தால் வழக்கமாக அவர்தான் கார்டியனாக வருவார், இங்கே தாய்மாமன் வந்திருக்கிறார். ஆக, தாயாரும் அதற்குள் காலமாகியிருக்கலாம், அல்லது நீதிமன்றம் மாமனை நியமித்திருக்கலாம். நியமனம் என்றால் பத்திரத்தில் உத்தரவு எண் ஒன்று ஓரமாக இருக்கும், திரும்பப் பாருங்கள். மூன்றாவது, சித்தப்பா, பெரியப்பா யாரும் கையெழுத்திடவில்லை என்றால் உங்கள் கொள்ளுத்தாத்தா பாகம் பிரிந்தவர், அல்லது ஒற்றை ஆண்பிள்ளை. பிரியாத கூட்டுக்குடும்பமாக இருந்திருந்தால் சொத்து உயிரோடிருக்கும் பங்காளி பெயரிலேயே நின்றிருக்கும், சாவுக்குக் காகிதமே பிறந்திருக்காது.

அந்தப் பத்திரத்தில் "எனது தகப்பனாருக்கு … தேதியில் கிரயம் பெற்றது" என்று மூலம் சொல்லியிருப்பார்கள். அந்த எண்ணைப் பிடித்துப் பின்னோக்கிப் போங்கள். இணைய வில்லங்கச் சான்று இந்தக் காலத்துக்கு எட்டாது. சார்பதிவகத்தில் கைத்தேடல்தான். பெயர்வாரித் தேட அட்டவணை 1, சொத்துவாரித் தேட அட்டவணை 2. இரண்டுமே, சொத்துப் பத்திரங்களைப் பதியும் முதல் புத்தகமும் சேர்த்து, கட்டணம் கட்டினால் யாரும் பார்க்கலாம். உயில் மூன்றாம் புத்தகத்தில் இருக்கும். எழுதியவர் இறந்துவிட்டதால் அதன் நகலையும் கேட்கலாம். 28 வயதுக்காரர் உயில் எழுதியிருப்பது அபூர்வம் என்பதும் உண்மை.

முன்னோக்கியும் ஒரு தேடல் போடுங்கள். உங்கள் தாத்தா 1933 வாக்கில் 18 வயதாகி மேஜர் ஆகியிருப்பார் (நீதிமன்றம் கார்டியனை நியமித்திருந்தால் 21 வயதில், 1936 வாக்கில்). கார்டியன் விற்ற நிலத்தை எதிர்த்து வழக்கோ, ஒத்துக்கொண்டு எழுதிக்கொடுத்த பத்திரமோ அதற்கடுத்த மூன்று வருஷத்துக்குள் வருவது வழக்கம். அந்த வழக்கின் பிராதில், அதாவது வழக்குத் தொடுத்த மனுவில், குடும்ப வரலாறு பத்தி பத்தியாக இருக்கும், சாவு நடந்த மாதம் உட்பட.

பட்டா பக்கம் பார்ப்பதானால் பசலி (நிலவரிக் கணக்கு ஆண்டு) 1328ஐக் கேளுங்கள், அது 1918 ஜூலை முதல் 1919 ஜூன் வரை. பெயர் மாற்றம் ஜமாபந்தியில் (ஆண்டுதோறும் நடக்கும் நிலவரிக் கணக்குத் தணிக்கை) அந்தப் பசலியிலோ அடுத்ததிலோ ஏறியிருக்கும். சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் போகும்போது ஒரு எச்சரிக்கை: கரூர் 1910 வரை கோயம்புத்தூர் ஜில்லா, அதன்பின் திருச்சிராப்பள்ளி ஜில்லா. கரூர் மாவட்டம் என்ற பெயரில் கேட்டால் அந்தக் காலத்துக்கு ஒன்றும் வராது.

தாத்தா சேர்ந்த பள்ளியின் சேர்க்கைப் பதிவேடும் பார்க்கத் தக்கது. தகப்பனார் பெயருக்கு எதிரில் பாதுகாவலர் யார் என்று இருக்கும்.

ஊர்க்கணக்கு:

காலரா பற்றி ஒரு வார்த்தை. காலரா என்றால் வாந்திபேதி, ஆள் ஒரு நாள் இரண்டு நாளில் போய்விடுவார், கண் குழிந்து, கெண்டைக்கால் பிடித்து இழுக்கும். 1918 காய்ச்சல் திடீரென்று அடித்து, உடம்பு முறித்து, இரண்டு மூன்று நாளில் நெஞ்சுக்கு இறங்கி நிமோனியாவாகும். மூக்கில் ரத்தம், உதடு நீலம். படுத்ததிலிருந்து பெரும்பாலும் ஐந்து முதல் பத்து நாள். பிளேக்காக இருந்தால் தொடையிடுக்கிலோ அக்குளிலோ கட்டி, அதற்குமுன் எலி சாவு, ஊரைக் காலி செய்து காட்டில் குடிசை போட்டது என்றுதான் கதை வரும். வீட்டுப் பெரியவர்களிடம் "என்ன நோய்" என்று கேட்காமல் "எத்தனை நாள் படுத்திருந்தார், பேதி இருந்ததா, கட்டி இருந்ததா" என்று கேளுங்கள். நோயின் பெயர் மாறிப்போனாலும் இந்த விவரங்கள் தங்கும்.

மாகாண சானிட்டரி கமிஷனரின் (சுகாதாரத் துறைத் தலைவர்) 1918 ஆண்டறிக்கையைப் பாருங்கள். அதில் தனிமனிதர் பெயர் வராது, எண்கள்தான். அந்த இலையுதிர்காலத்தில் உங்கள் ஜில்லாவில் காய்ச்சல் சாவு ஏறிக் காலராச் சாவு ஏறாமல் இருந்தால், காலராக் கட்சி வாயை மூட வேண்டியதுதான். 1921 சென்சஸ் தொகுதியிலும் தொற்றைப் பற்றிப் பேச்சு உண்டு. ஆனால் வீடுவாரிக் கணக்கெடுப்புத் தாள்கள் அழிக்கப்பட்டுவிட்டன, அங்கே பெயர் தேடிப் பொழுதை வீணாக்காதீர்கள்.

மலைத்தோட்டம்:

இந்தத் திரியைப் படிக்கும் மற்றவர்களுக்காக: இறந்தவர் சிப்பாயாகவோ ராணுவத்தோடு போன கூலியாகவோ இருந்திருந்தால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தேடுதளத்தைப் பாருங்கள். 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரை பணியில் இறந்தவர்களை, நோயால் இறந்தவர் உட்பட, அவர்கள் கணக்கில் வைத்திருக்கிறார்கள். பெயரின் ஆங்கில எழுத்துக் கூட்டல் கன்னாபின்னா என்று இருக்கும், ஆகவே படைப்பிரிவையும் தகப்பனார் பெயரையும் கொண்டு சலியுங்கள். இலங்கைத் தோட்டத்தில் இறந்தவர் என்றால் அங்கத்திய பதிவாளர் நாயகம் திணைக்களம், மலாயா என்றால் மலேசியத் தேசியப் பதிவுத் துறை. இங்கே தேடினால் கிடைக்காது.

சார்பதிவுத்தாள்:

ஒன்று விட்டுப்போனது, தங்கை. கல்யாணமாகிப் போனவர் என்றாலும் தாய்வீட்டில் இறந்ததால் உங்கள் ஊர் ஏட்டில்தான் பதிவு வரும். ஆனால் அப்பா பெயரில் தேடினால் தட்டுப்படாது, புருஷன் பெயரில் "இன்னார் பெண்சாதி" என்று பாருங்கள். இருப்பிடக் கட்டத்தில் புருஷன் ஊர் இருக்கலாம். காரணக் கட்டத்தில் "பிரசவம்" என்று இருந்தால் ஏமாற வேண்டாம். கர்ப்பிணியைக் காய்ச்சல் தாக்கினால் குறைப்பிரசவமாகும். எழுதுகிறவர் கண்ணுக்குத் தெரிந்தது பிரசவம்தான். அண்ணன் சாவும் தங்கை சாவும் ஏட்டில் எத்தனை வரி தள்ளி இருக்கின்றன, குழந்தைக்குத் தனி வரி உண்டா என்று குறித்துக்கொண்டு வந்து இங்கே போடுங்கள், பக்கத்தின் படம் எடுக்க விட்டால் இன்னும் நல்லது.